உள்ளே என்ன இருந்தது?

புளியந்தோப்பிலும், பட்டாளத்திலும், ஓட்டேரியிலும், வியாசர்பாடியிலும், சனிக்கிழமை மாலைகளில் சாராயக்கடைகளுக்கு எதிரே காத்து நின்ற தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும், அவர்கள் பெற்ற பெண்மக்களுக்கும்:



சென்ற ஐப்பசி மாதத்தில் என் பாலிய சிநேகிதர் ஒருவர் தமது எண்பதாவது பிராயத்தில் காலமானார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் புறப்பட்ட பிறகு, வாடகை நாற்காலிகளைப் பையன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய மனைவியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்; நெடுநேரம் பேசாமல் இருந்தார்; பின்பு ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணு போன மனுசனைக் கையப் புடிச்சி நாப்பத்தெட்டு வருசம் எங்கெங்கயோ இட்டுனு போனேண்ணா. ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, ரேஷன் கடைக்கு, ஓட்டுப் போட. அவரு தானா நடந்து போன அந்தக் கடைக்குள்ள மட்டும் நான் ஒரு நாளும் காலு வச்சதில்ல. உள்ள அப்புடி இன்னாதாண்ணா இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பிப் படுத்த பிறகும் அது என்னைத் தூங்கவிடவில்லை. யோசித்துப் பார்க்கையில், அது அந்த ஒரு சகோதரியின் கேள்வியன்று என்பதும், சம்பள நாள் மாலைதோறும் எதிர்ச்சாரியில் மாநகராட்சி விளக்குக் கம்பத்தடியில் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு நின்ற உங்கள் அனைவர் முகத்திலும் எழுதியிருந்த கேள்வி அதுவே என்பதும், அதை வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காதவன்போல் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதும் தெளிவாயின. ஆகவே இந்த மடலை எழுதுகிறேன். இது சமாதானம் சொல்லும் பொருட்டன்று. உங்கள் வீட்டு அரிசிப் பணம் எந்த இடத்தில் எவ்விதமாகச் செலவாயிற்று என்று அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்னும் ஒரே காரணத்தினால்.

நான் முப்பத்தாறு வருஷ காலம் மண்ணடியில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோத்துப் பிழைத்தவன். பள்ளிக்கூடத்தில் கற்றது சொற்பம். ஈய எழுத்துக்களைத் தலைகீழாக அடுக்கி அடுக்கித்தான் வாக்கியம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று கற்றேன். சாயங்காலம் கைக்கரியைக் கழுவிவிட்டு யானைக்கவுனி வழியாக நடந்து புளியந்தோப்புக்கு வருவேன். அந்நாளைய நம் பேட்டையை இன்று பிறந்தவர்கள் மனத்தில் வரைந்து பார்ப்பது கடினம். ஒரு புறம் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் நெடிய மதில். மறுபுறம் பேசின் பிரிட்ஜ் ரயில் பாதைகள். இடையே கால்வாயின் கருநீரும் ஓட்டேரி நல்லாவின் நாற்றமும். இவற்றுக்கு நடுவே, விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும் ஆட்டுத்தொட்டி என்னும் ஆடறுக்கும் கூடம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு எழுந்ததும், திரு.வி.க.வின் தமிழ் பாமர ஜனங்களின் காதில் விழுந்ததும் இந்தப் பக்கத்தில்தான். ஆயினும் வெளியார் வாயில் நம் பேட்டைக்கு இருந்த பெயர் வேறு. புளியந்தோப்பு என்று விலாசம் சொன்னால் வேலை கொடுக்க யோசிப்பார்கள்; பெண் கொடுக்கத் தயங்குவார்கள்; இருட்டியபின் ரிக்‌ஷாக்காரர்கூட வரமறுப்பார்.

என் தலைமுறை கடையைப் பாராமல் வளர்ந்த தலைமுறை. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, அதனால் கஜானாவுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. ஆகையால் எனக்கு நினைவு தெரிந்த நாளில் குடி என்பது இருட்டில் நடக்கும் காரியமாக இருந்தது. புதைத்த பானையில் ஊறல் போட்டுக் காய்ச்சிச் சைக்கிள் டியூபில் கட்டிக் கொண்டுவருவார்கள்; மருந்துக் கடை ஜிஞ்சரைக் குடித்தவர்கள் உண்டு; கடலோரத்துக் குப்பங்களில் சுண்டக்கஞ்சி விற்றது. 1971-இல், தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிறகும், மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. அதை ஆதரித்த துண்டுப் பிரசுரத்தையும் எதிர்த்த துண்டுப் பிரசுரத்தையும் ஒரே வாரத்தில், ஒரே எழுத்துப் பெட்டியிலிருந்து நான் கோத்துக் கொடுத்தேன். இரண்டிலும் 'தாய்க்குலம்' என்ற சொல் இருந்தது. உங்களை வந்து கேட்டவர் ஒருவரும் இல்லை.

ஏலம் எடுத்தவர்கள் கடை திறந்தார்கள். இப்போது உள்ளே வாருங்கள்.

தென்னங்கீற்றுக் கொட்டகை, தாழ்ந்த வாசல், குனியாமல் எவனும் நுழைய முடியாது. மண் தரையில் நீர் தெளித்துத் தெளித்து அது சிமெண்டைப்போல் இறுகியிருக்கும். நடுக்கழியில் ஒரே ஒரு குண்டு பல்பு. வலப்பக்கம் கம்பித் தடுப்புக்கு அப்பால் கடைக்காரர். அவர் முன்னே அளவுக் குவளையும் பீப்பாயும் சில்லறைப் பெட்டியும். இடப்பக்கம் நான்கு பெஞ்சுகள். பலகைகள் எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலிலிருந்தோ வந்தவை. மனிதர் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிவாகி, சந்தனக்கல்லைப்போல் வழவழத்திருக்கும். மூலையில் ஒரு தகரப் பக்கெட்டில் தண்ணீர். குடித்து முடித்த கண்ணாடி டம்ளரை அதில் ஒரு முறை முக்கி எடுத்து அடுத்தவன் கையில் கொடுப்பார்கள். மாலை நேரத்துக்குள் அந்தத் தண்ணீர் கலங்கிவிடும். சாராயத்தின் காரமான நெடியோடு பீடிப்புகையும், வியர்வையும், மாங்காய் ஊறுகாய் வாசனையும் கலந்து நிற்கும். அழகு என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை.

இருந்தது பெஞ்சுதான், சகோதரிகளே. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை மாலையில் உட்காருவதற்கு இடமில்லை. ஆலையில் நின்றுகொண்டே இருக்கவேண்டும். தொட்டியில் குத்தவைக்க வேண்டும். அச்சகத்தில் எழுத்துப் பெட்டியின் முன்னே எட்டு மணி நேரம் கால் கடுக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவனை எவரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. கிராமத்து டீக்கடையில் தனக்கென்று ஒதுக்கிவைத்த குவளையில் குடித்து வளர்ந்து, பட்டணத்துக்கு ஓடிவந்த ஒருவர், தமக்கு முன்னே இன்ன சாதியார் வாய்வைத்த டம்ளர் என்று யாரும் கேளாமல் அது தம் கைக்கு வந்த முதல் நாளில், அதைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அந்தக் கலங்கல் தண்ணீர்ப் பக்கெட்டை நினைத்தால் இன்று எனக்கு அருவருப்பாக இருக்கிறது; அந்த மனிதரின் முகத்தை நினைத்தால் அந்தப் பக்கெட்டைக் கும்பிடத் தோன்றுகிறது.

எழுத்து வாசனை உள்ளவன் என்பதால் எனக்கு அங்கே ஓர் உத்தியோகம் கிடைத்திருந்தது. பத்திரிகையை உரக்க வாசிப்பேன். மனு எழுதுவேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, குடிசை மாற்று வாரியத்தில் வீடு கேட்க, ஊரில் இருக்கும் தாய்க்குத் தபாலட்டை போட என்று நாளுக்கு இரண்டு மூன்றாவது வரும். உங்களில் பலர் இன்று குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கான முதல் மனு அந்தப் பெஞ்சின்மேல், பலகையில் சிந்தியிருந்த ஈரத்தை என் துண்டினால் துடைத்துவிட்டு எழுதப்பட்டதாக இருக்கலாம். வேலைநிறுத்தக் காலத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற செய்தி சங்கத்துக்குப் போகுமுன் பெஞ்சுக்கு வந்துவிடும். சார்பட்டாப் பரம்பரையா, இடியாப்ப நாயக்கர் பரம்பரையா என்று குத்துச்சண்டை விவாதம் முற்றிப் பலமுறை பெஞ்சே குத்துச்சண்டைக் களமானதும் உண்டு. ஒருவன் இறந்த நாளில் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டு அவன்மீது கானா கட்டிப் பாடுவார்கள். அவன் கடன்பட்டதையும், பிள்ளையைத் தோளில் சுமந்ததையும், மனைவியை அடித்ததையும் ஒன்றுவிடாமல் அந்தப் பாட்டில் சொல்வார்கள். செத்தவனைப் பற்றி அவ்வளவு உண்மை பேசிய இடம் வேறொன்றை நான் அறியேன்.

அந்தப் பாட்டில் வராத பெயர் ஒன்று உண்டு. அது உங்கள் பெயர். அடிபட்டவளாக, அழுதவளாக, தாலியறுத்தவளாக நீங்கள் வந்தீர்கள். உங்கள் பெயரால் நீங்கள் வரவில்லை.

கடை வாசலில் அடுப்பு வைத்துப் போட்டியும் ரத்தப் பொரியலும் வறுத்து விற்ற அம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டுத்தொட்டியில் கழித்துப் போடும் குடலைக் காலையில் வாங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் இட்டு ஏழு தண்ணீரில் கழுவி, மாலையில் மிளகு தட்டிப் போட்டு அகன்ற இரும்புச் சட்டியில் வறுப்பார். அந்த வாசனைக்குக் குடிக்காதவனும் நின்றுவிடுவான். அந்த அம்மாள் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "உங்காளுங்க உள்ள வச்ச காசுல கால்வாசி எங்கிட்ட வருது. அதுலதான் எம் புள்ள படிக்குது. ஆனா அந்த விளக்குக் கம்பத்துப் பக்கம் மட்டும் நான் திரும்பிப் பாக்கறதில்ல சாமி." அவர் முதுகு எப்போதும் உங்களை நோக்கியே இருந்தது ஏன் என்று அன்று எனக்கு விளங்கிற்று.

என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். 1984-ஆம் வருஷம் என்று நினைவு. மதுவிலக்கு ஒரு முறை திரும்ப வந்து, 1981-இல் மறுபடியும் விலக்கப்பட்டுக் கடைகள் திறந்திருந்த காலம். ஒரு சனிக்கிழமை, நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கொட்டகையில் சத்தம் அடங்கிற்று. நிமிர்ந்து பார்த்தால், குனியவேண்டிய அவசியமில்லாமல் அந்தத் தாழ்ந்த வாசல் வழியாக என் மகள் நிமிர்ந்தபடியே உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. பச்சைப் பாவாடை, ரிப்பன் அவிழ்ந்து ஒரு பின்னல் தொங்கிற்று. எதிரே இருந்தவர் தம் டம்ளரைப் பெஞ்சுக்கு அடியில் மறைத்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. என் முன்னே வந்து நின்று, "சட்டப் பையில இருக்கறத எண்ணி வாங்கினு வரச் சொல்லிச்சு அம்மா" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தக் குண்டு பல்பின் வெளிச்சத்தில் நோட்டுக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு சில்லறையை எண்ணினாள். விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "குறையுது" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவில்லை. கடைக்காரர் ஒரு பொட்டலம் காராபூந்தி நீட்டினார், அவள் வாங்கவில்லை. அவள் வெளியே போனபின், கம்பத்தடியில் அவள் தாய் குனிந்து அவள் கையிலிருந்ததை மறுபடி எண்ணுவதைக் கீற்று இடுக்கின் வழியே பார்த்தேன். என் மகளுக்கு இன்று நாற்பத்தெட்டு வயது. வங்கியில் வேலை பார்க்கிறாள். என்னைக் கண்போல் காக்கிறாள். எனினும், என் கையில் அவள் எதையும் எண்ணாமல் கொடுப்பதுமில்லை. என்னிடமிருந்து எதையும் எண்ணாமல் வாங்குவதுமில்லை. அவள் தாய் இன்று இல்லை. இந்த மடலின் முதல் பிரதி அந்தத் தாய்க்குச் சேரவேண்டியது.

இனி, கேள்வி கேட்ட சகோதரியின் கணவரைப் பற்றி. அவர் தொட்டியில் வேலை பார்த்தவர். 1976-இல், மதுவிலக்கு அமலில் இருந்தபோது, எங்கள் பெஞ்சு பறிபோயிருந்ததே தவிர, எங்கள் வழக்கம் எங்களோடுதான் இருந்தது. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த ஸ்பிரிட்டை ரயில் பாதை ஓரத்தில் இருட்டில் நின்றபடியே குடித்தார்கள். நான் அன்று அச்சகத்தில் இரவு வேலையில் மாட்டிக்கொண்டேன். தப்பித்தது என் யோக்கியதையால் நேர்ந்ததன்று. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, வெயில் எதிர்ச் சுவரில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு, "இன்னும் விடியலயா?" என்றார்.

பிற்காலத்தில் ஒரு மருத்துவ நூலுக்கு அச்சுக்கோத்தபோதுதான் நடந்தது என்னவென்று அறிந்தேன். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் பார்வைக்கும் மணத்துக்கும் சாராயத்தைப் போலவே இருக்கும். உடலுக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே இருளும். அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியபோது என் கை நடுங்கிற்று. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டு, அந்தச் சிநேகிதர் தம் குருட்டுக் கண்களைத் திரையின் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "எத்தினி பேருக்குக் கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

1987 ஜனவரி முதல் தேதியோடு சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும் சட்டப்படி மூடப்பட்டன. கொட்டகை பிரிந்தது, பலகைகளை எவரோ விறகுக்கு எடுத்துப் போனார்கள். இடையில் மலிவு விலை மது ஒன்று வந்து, 1991-இல் போயிற்று. 1983-இல் மொத்த வியாபாரத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக், 2003-இலிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 1996-இல் பெரிய ஆலையும் மூடிவிட்டது. பேட்டையில் பலர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டார்கள். இன்றைய கடையைப் பாருங்கள். கம்பி வலைக்குள் ஒரு கை உள்ளே போகிறது. ஒரு பாட்டிலோடு வெளியே வருகிறது. பக்கத்துப் 'பார்' என்பதில் யாரும் யாரையும் அறியார். நின்றபடியே வாயில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். மதுவிலிருந்து சர்க்காருக்கு வரும் வருஷ வருமானமோ 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் நாங்கள் விலை கொடுத்து வாங்கிய இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் விற்பனைக்கு எஞ்சியிருக்கிறது. அது நம்மைக் கொன்ற பொருள். மற்றொன்றாகிய பெஞ்சு போயே போய்விட்டது.

பழைய கடைகளைப் பற்றி ஆசையோடு கேட்க வரும் பையன்கள் இப்போது பலர் உண்டு. பாட்டுக் கட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அவர்களிடம் நான் கொட்டகையையும் சொல்கிறேன். விளக்குக் கம்பத்தையும் சொல்கிறேன். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது பொய். அந்தப் பெஞ்சில் நாங்கள் அனுபவித்த சமத்துவம் மெய்யானது. அதற்கு வாடகை கட்டியவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதும் அதே அளவு மெய்யானது. அந்தச் சமத்துவத்தில் உங்களுக்கு இடமில்லாதிருந்ததை நாங்கள் ஒரு குறையாகவே உணரவில்லை. இதைத்தான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் தேடிப்போனது உட்கார ஓர் இடம், காது கொடுக்க நாலு பேர். அதே தாகம் உங்களுக்கும் இருந்திருக்கும். தண்ணீர்க் குழாயடியில் குடத்துக்குக் குடம் நின்றபடியே நீங்கள் பேசித் தீர்த்தது அந்தத் தாகத்தைத்தான். உங்களுக்கு ஒரு பலகை போட இந்தப் பேட்டையில் யாருக்கும் தோன்றவில்லை.

என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். என் அச்சகம் மூடியபோது எழுத்துப் பெட்டிகள் பழைய மரத்துக்கு விலைபோயின; நான் எட்டுப் பெட்டிகளை வாங்கி வைத்திருந்தேன். நல்ல தேக்கு. அவற்றைப் பிரித்து, எங்கள் அடுக்குமாடித் தச்சரிடம் கொடுத்து, இரண்டு நீளப் பெஞ்சுகள் செய்திருக்கிறேன். வருகிற தை முதல் தேதியிலிருந்து, எங்கள் பிளாக்கின் கீழே வேப்பமரத்தடியில், மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அவை போட்டிருக்கும். நான் பத்திரிகையை உரக்க வாசிப்பேன், மனு எழுதவேண்டியவர்களுக்கு எழுதித் தருவேன், காசு வேண்டாம். டீ, பக்கத்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரையும் அழைத்துப் போவதற்காக நீங்கள் வரவேண்டியதில்லை. உட்காருவதற்காக வாருங்கள்.

அந்தச் சகோதரிக்கு நேற்று இதைச் சொன்னேன். பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தார். எழுத்துப் பெட்டியின் சிறு அறைகள் இருந்த தடம் அடிப்பலகையில் இன்னும் தெரிகிறது. விரலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "எவ்ளோ நேரம் வேணா குந்தலாமா?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்றேன். உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

இங்ஙனம்,
உங்கள் சகோதரன்,
புளியந்தோப்பு அச்சுக்கோப்பாளன்